தொழில் நிறுத்திய தேதி

ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு அம்மாள் அதே பதிலை மூன்றாவது முறையாகச் சொன்னபோது, அந்த மேசையை அப்படியே கவிழ்த்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று மேனேஜருக்குத் தோன்றியது.

“வாயால சொன்னா எப்படிம்மா? உங்க வீட்டுக்காரர் தன் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். நாங்க அதைத்தானே பார்க்க முடியும்?”

மேனேஜர் எந்தக் கம்பெனிக்கும் மேனேஜர் இல்லை. அவளுடைய கணவர் பத்தொன்பது வருஷம் சொந்தமாக லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில் செய்தார். போனை எடுத்தது, பில் போட்டது, பாக்கிக்காரர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது, வருஷா வருஷம் வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் இவள். “மேனேஜர் மேடம் இருக்காங்களா?” என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். பதினைந்து வயது மகள்கூடக் காரியம் ஆக வேண்டுமென்றால் மேனேஜர் என்றுதான் குழைவாள். பட்டம் மட்டும்தான் வந்தது. சம்பளம் என்ற ஒன்று கடைசி வரை வரவில்லை.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் தொழிலை விட்டுவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். ஒரே வரி ஆண்டுக்குள் சொந்தத் தொழிலும் வந்துவிட்டது, சம்பளமும் வந்துவிட்டது. இப்படி நடுவில் சேருகிறவர்கள் அந்த ஆண்டில் அதுவரை எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதையும் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாதா மாதம் வரி பிடிப்பார்கள். செலவெல்லாம் போகக் கையில் என்ன மிஞ்சியதோ அதை எழுத வேண்டும், அவ்வளவுதான் விஷயம். லிஃப்ட்காரர் என்ன செய்தார்? அதுவரை போட்ட பில் அத்தனையையும் கூட்டி, அந்த மொத்தத் தொகையைக் கம்பீரமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதில் முக்கால்வாசி இரும்புக் கயிறு, பிரேக், கதவு உருளை என்று கடைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்த பணம். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அவரைப் பெரிய பணக்காரர் என்று முடிவு கட்டி, முதல் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வரியாக வெட்டிக்கொண்டது. இரண்டாவது மாதமும் அதே வெட்டு.

“ஏங்க அப்படி எழுதினீங்க?” என்று முதல் மாதமே கேட்டிருந்தாள்.

“பக்கத்து மேசையில ரெண்டு டாக்டருங்க உட்கார்ந்து அதே தாளைத்தான் எழுதிட்டிருந்தாங்க. நான் மிச்சத்த மட்டும் எழுதினா, பத்தொம்போது வருஷம் தொழில் பண்ணினவன் இவ்வளவுதானான்னு நினைக்க மாட்டாங்களா?”

அந்த டாக்டர்கள் இவர் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள் என்று மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். வெட்டி வீறாப்புக்கு வரி போடுகிற சட்டம் இருந்திருந்தால் அவர்கள் வீட்டுக் கூரை என்றைக்கோ ஏலத்துக்குப் போயிருக்கும்.

“சரிங்க,” என்று இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “என்ன பேப்பர் கொண்டுவந்தா திருத்துவீங்க? இந்தத் தடவ மொத்தமாச் சொல்லிடுங்க. போன தடவ ஒண்ணு சொன்னீங்க, அதுக்கு முந்தின தடவ வேற சொன்னீங்க.”

கணக்குப் பிரிவு அம்மாள் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். தொழில் நிறுத்த அறிவிப்பு என்று மேலே எழுதியிருந்தது. தொழில் எந்தத் தேதியோடு நின்றது, அதுவரை வந்த லாபம் எவ்வளவு, என்ன காரணம். மூன்றே கட்டங்கள். “இதுல வரி ஆபீஸ் முத்திரை வாங்கிட்டு வாங்க. இன்னிக்குப் பதினெட்டு. இருபத்தஞ்சுக்குள்ள வந்தா இந்த மாசமே சரி பண்ணிடுவேன். இருபத்தாறு ஆச்சுன்னா என் கையில இல்ல.”

இந்தப் படிவத்தை முதல் தடவையே கொடுத்திருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் இன்னொரு படிவம் வரும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

*

பணம் மட்டும் என்றால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். அதிகமாகப் பிடித்ததை அடுத்த வருஷம் எப்படியாவது திரும்ப வாங்கிவிடலாம். அவளுடைய பயம் வேறு. “மூணாவது மாசமும் பாதிச் சம்பளம்தான்னா நான் இந்த வேலைய விட்டுடுவேன். பழைய ஆளுங்க இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க,” என்று லிஃப்ட்காரர் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

பழைய ஆட்களிடம் போவது என்றால் பழையபடி தனியாக, லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் இறங்குவது. ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு ஜவுளிக்கடை லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் கால் வழுக்கி அடிக்குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு உடைந்து இரண்டு மணி நேரம் கிடந்தார். கடைக்கு அன்று விடுமுறை. செல்போன் மேலே லிஃப்ட் கூரையிலேயே தங்கிவிட்டது. அது அடித்துக்கொண்டே இருந்ததாம். கீழே கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அடித்தது மேனேஜர். பதினோரு தடவை அடித்தாள். கயிறு வாங்கிய ரசீது ஒன்றைக் காணவில்லை என்று திட்டுவதற்காக அடித்தாள். எடுக்காமல் இருக்கிறாரே என்று ஒவ்வொரு தடவையும் கோபம் ஏறியது. பன்னிரண்டாவது தடவை அடிக்கப் போனபோது கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அப்புறம்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அந்தப் பதினோரு தடவையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டுப் பிரித்த மறுநாளே ஒற்றைக்காலில் நின்று அவரை இந்த ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினாள். இங்கே பன்னிரண்டு லிஃப்டுகள். எந்த லிஃப்டைத் தொட்டாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. அந்த ஒரு விதிக்காக இந்தக் கணக்குப் பிரிவின் மற்ற விதிகள் அத்தனையையும் அவள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அன்று சாயங்காலமே படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். நடையில் இருந்த இரும்பு அலமாரியைக் குடைந்து பில்களை எடுத்துக் கூட்டி, கழித்து, லாபத்தை ஏற்கெனவே எழுதியிருந்தாள். அந்தத் தொகையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“இவ்வளவுதானா வந்துச்சு?”

“இவ்வளவுதான் எப்பவும் வரும். இதுலதான் பத்தொம்போது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். தேதி என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“தேதி?”

“நீயே பார்த்துப் போட்டுக்க.”

“ஒரு தேதி எழுதக் கை வலிக்குதா உங்களுக்கு? வேலையில சேர்ந்ததுக்கு முந்தின நாளைப் போடுறதுல என்ன கஷ்டம்?”

“அதான் தெரியுதுல்ல. போட்டுக்க.” எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார்.

“மேனேஜர், அப்பா எஸ்கேப்,” என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீ படி.” மேனேஜர் தேதியை எழுதினாள். பத்தொன்பது வருஷமாக அவர் விட்டுவைத்த கட்டங்களை நிரப்புவதுதானே அவளுடைய பிழைப்பு.

*

வரி ஆபீசில் ஆறாம் கவுண்டர். வியாழக்கிழமை காலை டோக்கன் வாங்கி, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தபின் அவள் எண் வந்தது. கவுண்டரில் இருந்தவர் கழுத்தில் பட்டை போட்டிருந்தார். தலையைத் திருப்ப முடியாததால், கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டுமானால் நாற்காலியோடு திரும்பினார், அவளைப் பார்க்க வேண்டுமானால் மறுபடி நாற்காலியோடு திரும்பினார். இந்தச் சுற்றல் அவளுடைய பொறுமையைப் பாடாய்ப் படுத்தியது.

கணவர் சார்பாக வந்திருக்கிறேன் என்ற கடிதத்தைப் பார்த்தார். லாபக் கணக்கைப் பார்த்தார். “கணக்கெல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்கு,” என்றார். இரண்டரை மணி நேரத்தில் கேட்ட முதல் நல்ல வார்த்தை. பிறகு முத்திரையைக் கையில் எடுத்தவர், கம்ப்யூட்டர் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். முத்திரையைக் கீழே வைத்தார்.

“இந்தத் தேதி செல்லாதும்மா.”

“ஏன் சார்?”

“அதுக்கப்புறமும் தொழில் நடந்திருக்கே. ஒன்பது மாடிக் குடியிருப்புச் சங்கம் ஒண்ணு போன மாசம் இவருக்குப் பணம் கொடுத்து, வரி பிடிச்சு எங்களுக்குக் கட்டியிருக்கு.”

“அது பழைய பாக்கியா இருக்கும் சார். அந்தச் சங்கம் எப்பவுமே இழுத்தடிக்கும். நான்தான் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சேன்.”

“பழைய பாக்கி இல்ல.” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “வேலை விவரம் போட்டிருக்காங்க பாருங்க. அடிக்குழியில் பஃபர் மாற்றுதல். முழுத் தொகை முன்பணம். வேலை நாள், போன மாசம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு.”

பஃபர் என்பது அடிக்குழியின் தரையில் இருக்கும் பெரிய ஸ்பிரிங். லிஃப்ட் தவறிப்போய் அடிவரை வந்துவிட்டால் தாங்கிக்கொள்வது அதுதான். அதை மாற்ற வேண்டுமென்றால் குழிக்குள் இறங்காமல் முடியாது. மேனேஜருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கூடுதல் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் திரும்பி வந்து வெகுநேரம் குளித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். வேலைக் களைப்பு என்று இவளும் நம்பினாள்.

“கடைசி வேலை என்னிக்கு முடிஞ்சுதோ அந்தத் தேதியத்தான் போட முடியும்,” என்றார் கழுத்துப்பட்டைக்காரர். “அவரையே எழுதச் சொல்லி, கையோட கூட்டிட்டு வாங்க. அடித்தல் திருத்தல் இல்லாம.” புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

*

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் லிஃப்ட் பிரிவின் பட்டறை. லிஃப்ட்காரர் ஒரு கதவு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஜோடி ஆள் மேனேஜரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். விவரமான ஆள்.

“போன மாசம் பன்னெண்டாம் தேதி எங்க போனீங்க?”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பொய் சொல்ல யோசித்த மாதிரி தெரிந்தது. அப்புறம் அதையும் விட்டுவிட்டார்.

“யாரு சொன்னா?”

“கவர்ன்மென்ட் சொல்லுச்சு. கம்ப்யூட்டர்ல பெருசாப் போட்டுக் காட்டுனாங்க. நீங்க என்கிட்ட மறைச்சதை எவனோ ஒருத்தன் கழுத்துல பட்டை போட்டுக்கிட்டு எனக்குப் படிச்சுச் சொல்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“சத்தம் போடாத.”

“போடுவேன். கூட யார் இருந்தா?”

அவர் ஒரு ஸ்க்ரூவை எடுத்து விரலில் உருட்டினார்.

“மேல யார் நின்னாங்கன்னு கேட்டேன்.”

“யாரும் இல்ல,” என்றார் மெதுவாக.

இந்த மனுஷனுக்காகத்தான் ஒன்றரை மாதமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம், கண்டவர்களிடம் எல்லாம் பல்லைக் காட்டினோம் என்று நினைத்தபோது, அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. “பாதிச் சம்பளம்னு ஒரு சாக்குக் கிடைச்சுது, இல்ல? எப்படா திரும்பிப் போலாம்னு காத்துக்கிட்டிருந்தீங்க. நான் எதுக்குங்க உங்களுக்கு? எங்கயாவது கிடங்க, எனக்கென்ன.” அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

லிஃப்ட்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்த வேலைய முடிக்கல,” என்றார்.

“என்ன?”

“முன்பணம் அனுப்பிட்டாங்க. சேர்றதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்ட வேலை. முடிச்சுக் கொடுத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். குழியில இறங்கினேன். இறங்கினதும் காலு நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நிக்க முடியல. ஏறவும் முடியல. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்து, கையக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.” தலையைக் குனிந்துகொண்டே பேசினார். “பஃபர் சைஸ் சரியில்ல, மாத்தி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொய்தான். சைஸெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

ஜெனரேட்டர் அறையில் யாரோ எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. இவர் திரும்பிப் போகத் துடிக்கிறார் என்று மேனேஜர் நினைத்திருந்தாள். இவரோ போக முடியாமல் வந்து நின்றிருக்கிறார்.

“பணத்தத் திருப்பிக் கொடுத்துடலாம்,” என்றாள்.

“பணம் கிடக்குது. பத்தொம்போது வருஷத்துல ஒரு வேலையக்கூடப் பாதியில விட்டதில்ல. உனக்கே தெரியும். அந்தத் தாளை நீ முன்னாடி வச்சப்போ, கடைசி வேலை எதுன்னு யோசிச்சேன். குழியில உட்கார்ந்து நடுங்கினதுதான் கடைசின்னு என் கையால எப்படி எழுதுறது?”

மேனேஜர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது.

“ஞாயித்துக்கிழமை போலாம். நான் மேல நிக்கிறேன்.”

“உனக்கு அதுல என்ன தெரியும்?”

“எத்தனை பஃபருக்கு நான் பில் போட்டிருக்கேன் தெரியுமா? எந்த சைஸ், எந்தக் கடையில மலிவு, எவன் பழச புதுசுன்னு விப்பான், எல்லாம் உங்களைவிட எனக்குத் தெரியும். நேர்ல பார்த்ததில்ல, அவ்வளவுதான்.”

*

ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒன்பது மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமில் லிஃப்ட்காரர் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தார். லிஃப்ட் பெட்டி மூன்றாவது மாடியில் நின்றது. “நான் வெளிய வர்ற வரைக்கும் இந்தச் சாவிய யாருக்கும் கொடுக்கக் கூடாது. கவர்னரே வந்து கேட்டாலும்.” இருவரும் ஒன்பது மாடிப் படிகளையும் இறங்கித் தரைத்தளத்துக்கு வந்தார்கள். அவர் லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். இந்த ஐந்து மாதமாகக் கனவில் அவர் விழுந்துகொண்டே இருப்பார், அடியே இருக்காது. இந்தக் குழியோ ஓர் ஆள் உயரம். பழைய எண்ணெய், தூசி, ஒற்றைச் செருப்பு, யாரோ கதவிடுக்கில் போட்ட மிட்டாய்க் காகிதங்கள். இவ்வளவு சின்னப் பள்ளத்துக்கா இந்தப் பாடு என்று ஒரு எரிச்சல் வந்தது. அந்தச் சின்னப் பள்ளத்தில் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார் என்பதும் கூடவே வந்தது.

லிஃப்ட்காரர் இரும்புப் படியில் காலை வைத்தார். இரண்டு படி இறங்கினார். நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“இருக்கேன்,” என்றாள் அவள். “சாவி என் கையில இருக்கு.”

இறங்கினார். கீழே நின்று சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்குகிற சத்தம் மேலே வரை கேட்டது.

“எதாவது பேசிக்கிட்டே இரு,” என்றார் கீழேயிருந்து.

என்ன பேசுவது? அன்பாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“எவனாவது மொத்த பில்லையும் வருமானம்னு எழுதுவானா?” என்று ஆரம்பித்தாள். “நான் ஒருத்தி வீட்டுல எதுக்கு இருக்கேன்? ஒரு போன் பண்ணி, மேனேஜர், இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு கேட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா? டாக்டர் பார்த்தாராம். டாக்டர் தன் வரியப் பத்திக் கவலைப்படுவாரா, உங்க வரியப் பார்ப்பாரா?”

கீழே ஸ்பானர் எதன்மேலோ பொருந்துகிற சத்தம் கேட்டது.

அவள் நிறுத்தவில்லை. ரசீதைச் சட்டைப் பையில் போட்டு அப்படியே துவைக்கப் போடுவதைச் சொன்னாள். பேனாவைக் கொண்டுபோனால் மூடி மட்டும் திரும்பி வருவதைச் சொன்னாள். கணக்குப் பிரிவு அம்மாளைச் சொன்னாள். கழுத்துப்பட்டைக்காரர் நாற்காலியோடு சுற்றியதைச் சொன்னபோது குழிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. தொண்டை காய்ந்து ஒரு நிமிஷம் நிறுத்தினாள். உடனே கீழே வேலைச் சத்தமும் நின்றது.

“என்னாச்சு?” என்று கேட்டது அவர் குரல். அதில் நடுக்கம் இருந்தது.

“ஒண்ணும் ஆகல. தண்ணி குடிச்சேன். உங்கள இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கல.”

சத்தம் மறுபடி தொடங்கியது. அவளும் தொடங்கினாள். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். ஏழாவது மாடிக்காரர் ஒருவர் இரண்டு பைகளோடு வந்து நின்று, லிஃப்ட் எப்போது ஓடும் என்று முறைத்தார். “படி இருக்கு சார், ஏறுங்க. உடம்புக்கு நல்லது,” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து புருஷனைத் தொடர்ந்தாள். அந்த மனுஷர் இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் படியேறிவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில், பதினோரு தடவை போன் அடித்ததையும் சொல்லிவிட்டாள். “உங்களைத் திட்டத்தான் அடிச்சேன். நீங்க கீழ கிடக்குறீங்கன்னு தெரியாது. ரசீதுக்காக அடிச்சேன்.”

ஸ்பானர் சத்தம் நின்றது.

“தெரியும்,” என்றார் அவர். “ரசீது என் பையிலதான் இருந்துச்சு. நீ விடாம அடிச்சுக்கிட்டே இருந்தே. அது அடிக்கிற வரைக்கும் எப்படியும் நீ வந்துடுவேன்னு தெரிஞ்சுது. அதனாலதான் முழிச்சுக்கிட்டே கிடந்தேன்.”

அவர் ஏறி வந்தபோது முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒற்றைச் செருப்பையும் காகிதங்களையும் ஒரு சாக்கில் வாரிக்கொண்டு வந்திருந்தார். மேலே போய்ப் பூட்டைத் திறந்து, லிஃப்டை ஒன்பது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

*

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரும் கூட வந்தார். ஆறாம் கவுண்டருக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைத் தேதியை அவரே எழுதினார். காரணம் என்ற கட்டத்தை, நிரந்தர வேலை என்று நிரப்பச் சொல்லி மேனேஜர் ஏற்கெனவே காதில் ஓதியிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு எதையோ எழுதிக் கவுண்டரில் நீட்டினார். மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம், சொன்னபடி எழுத முடியாதா இந்த மனுஷனால்?

கழுத்துப்பட்டைக்காரர் தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் படித்தார். பிறகு நாற்காலியோடு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“காரணம்னா வேற வேலை கிடைச்சுது, உடம்பு சரியில்ல, நஷ்டம், இப்படி எழுதணும் சார். இது என்ன, ‘ஒத்துக்கொண்ட வேலைகள் எல்லாம் முடிந்தன’ன்னு எழுதியிருக்கீங்க? இதெல்லாம் ஒரு காரணமா? வேற படிவம் தர்றேன், திருத்தி எழுதிக் கொடுங்க.”

லிஃப்ட்காரர் மேனேஜரைப் பார்த்தார். இந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை படிவம் திருத்தினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. இன்னும் ஒன்று திருத்துவது பெரிய காரியமில்லை.

“அதுல தப்பு ஒண்ணும் இல்ல சார்,” என்றாள். “எல்லாத்துக்கும் பில் இருக்கு. நான்தான் போட்டேன். முத்திரை வைங்க.”